வாளாவிருந்தாரின் வினை





சென்ற பௌர்ணமியன்று நம் சங்க மண்டபத்தில் பஞ்ச சீலத்தைப் பற்றி யாம் பேசி முடித்ததும், இளைஞர் ஒருவர் எழுந்து ஒரு வினா விடுத்தார். “ஐயா, நம் பாட்டனும் பூட்டனும் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். தீங்கு செய்தவர்கள் பிறர். தீங்கு பட்டவர்கள் நாம். அப்படியிருக்க, பாவத்துக்கு அஞ்சும்படி நமக்கு எதற்காகப் போதிக்கிறீர்கள்? அவர்களுக்கன்றோ போதிக்க வேண்டும்?” என்று கேட்டார். அவையோர் பலரும் தலையசைத்தனர். அன்று நேரம் கடந்துவிட்டபடியால் விடை கூறாது வந்துவிட்டோம். வினாவோ எம்மை விடவில்லை. ஒரு திங்கள் அதனைச் சுமந்து திரிந்து, கண்ட விடையை இங்கே எழுதுகிறோம்.

தம் புண்ணைத் தாமே பார்ப்போருக்குக் கண் கலங்கும். அயலார் புண்ணைப் பார்க்கையில் கண் தெளிந்திருக்கும். ஆகலின் முதலில் கடல் கடந்து, அமெரிக்க தேசத்தின் தென் மாநிலங்களுக்குப் போவோம். அந்நாட்டுக் கறுப்பின மக்களின் கதை நமக்கு அந்நியமானதன்று. பாபாசாகேப் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1946ஆம் ஆண்டில் கறுப்பின அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸுக்கு அவர் ஒரு மடல் எழுதினார். தீண்டத்தகாதார் நிலையும் அந்நாட்டுக் கறுப்பர் நிலையும் பெரிதும் ஒத்திருத்தலைச் சுட்டி, ஐக்கிய நாடுகள் சபைக்குக் கறுப்பர்கள் விடுத்த விண்ணப்பத்தின் படியினை அம்மடலில் வேண்டினார்.

போகுமுன் பகவானின் உபதேசம் ஒன்றை நினைவிற் கொள்வோம். இல்லறத்தார்க்குச் சீலம் உரைக்கும்போது பகவான், “கொல்லாதே” என்பதோடு நிறுத்தினாரல்லர். தான் கொல்லலாகாது, பிறரைக் கொண்டு கொல்விக்கலாகாது, பிறர் கொல்லுங்கால் அதற்கு உடன்படலும் ஆகாது என்று மூன்று படியாக வகுத்தருளினார். களவுக்கும் பொய்க்கும் இவ்வாறே. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றில் முதலிரண்டையும் நாம் எளிதில் கண்டுகொள்கிறோம். மூன்றாவது கண்ணுக்குப் படுவதில்லை. ஏனெனில் அதற்குக் கை வேண்டா, வாய் வேண்டா. வாளா இருந்தாலே போதும்.

1955ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் மாலை. அலபாமா மாநிலத்தின் தலைநகராகிய மான்ட்கோமரி. ரோஸா பார்க்ஸ் என்னும் 42 வயதுத் தையல் தொழிலாளி, பெரிய கடையொன்றில் நாள் முழுதும் வேலை செய்துவிட்டு வீடு திரும்பப் பேருந்தில் ஏறினார். அந்நகரப் பேருந்துகளில் முன்னிருக்கைகள் 10 வெள்ளையர்க்கே உரியவை. அவை வெறுமையாய்க் கிடந்தாலும் கறுப்பர் அமரலாகாது. பின்னிருக்கைகள் கறுப்பருக்கு. இடைப்பட்ட வரிசைகளில் கறுப்பர் அமரலாம்; ஆனால் வெள்ளையர் ஒருவர் இடமின்றி நின்றால், அவ்வரிசையில் உள்ளோர் அனைவரும் எழுந்துவிட வேண்டும். முன்வாயிலில் ஏறிக் கட்டணம் செலுத்தியபின், இறங்கிப் போய்ப் பின்வாயிலில் ஏறுமாறு பணிக்கப்படுவதும் உண்டு. அவர் பின்வாயிலை அடையுமுன் ஓட்டுநர் வண்டியைச் செலுத்திக்கொண்டு போய்விடுவதும் உண்டு.

அன்று வெள்ளையர் ஒருவர் நின்றார். ஓட்டுநர் நால்வரை எழுமாறு பணித்தார். மூவர் எழுந்தனர். ரோஸா அம்மையார் எழவில்லை. காவலர் வந்து கைது செய்தனர். நீதிமன்றம் 10 டாலர் அபராதமும் 4 டாலர் செலவும் விதித்தது. டிசம்பர் 5ஆம் நாள் அந்நகரத்துக் கறுப்பர் பேருந்தில் ஏறுவதை நிறுத்தினர். மார்ட்டின் லூதர் கிங் என்னும் இளம்போதகர் தலைமை தாங்க, 381 நாள் நடந்தே வேலைக்குச் சென்றனர். ஒருவர் வண்டியில் ஒருவராக ஏற்றிச் சென்றனர். 1956ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. இஃது உலகறிந்த செய்தி.

நாம் ரோஸா அம்மையாரைப் போற்றுவதோடு நிறுத்திவிடுகிறோம். போற்றத்தக்கவரே. எனினும் அன்று நின்றுகொண்டிருந்த அந்த ஒரு வெள்ளையரையும் சற்று நோக்குமாறு வேண்டுகிறோம். அவர் பெயரை எவரும் போற்றுவதுமில்லை, தூற்றுவதுமில்லை. எழச் சொன்னவர் ஓட்டுநர். கைது செய்தவர் காவலர். விதி வகுத்தவர் ஆட்சியாளர். அவர் செய்தது யாது? ஒன்றுமில்லை. “எனக்கு இருக்கை வேண்டா, நிற்கிறேன்” என்று ஒரு சொல் அவர் வாயினின்று எழுந்ததாக யாம் எங்கும் காணோம். அச்சொல் எழுந்திருந்தால் அன்றைய நிகழ்ச்சி மாறியிருக்குமோ, அறியோம். அவர் வினை மாறியிருக்கும். நால்வர் எழுந்து ஒருவர் அமர்வது அவருக்குத் தீமையாகவே தோன்றவில்லை. அது வழக்கம். வழக்கம் என்னும் போர்வைக்குள் உறங்கும் தீவினையே உடன்படுதல்.

அதே நகரத்தில் ஜூலியட் மார்கன் என்னும் வெள்ளை அம்மையார் நூலகராக இருந்தார். உயர்ந்த குடும்பத்தில் பிறந்தவராயினும், தாமே வண்டி ஓட்ட இயலாத காரணத்தால் பேருந்தில் செல்பவர். கறுப்பர் படும் இழிவை நாள்தோறும் கண்டார். 1955ஆம் ஆண்டு டிசம்பரில் உள்ளூர்ச் செய்தித்தாளுக்கு எழுதிய கடிதத்தில், நடந்து செல்லும் அம்மக்களின் போராட்டத்தைக் காந்தியடிகளின் உப்புச் சத்தியாக்கிரகத்தோடு ஒப்பிட்டு எழுதினார். அக்கடிதத்துக்கு அவர் கொடுத்த விலை பெரிது. வசை மடல்களும் மிரட்டல்களும் வந்தன. வீட்டின்மேல் கல் விழுந்தது. வீட்டு முன்றிலில் சிலுவை கொளுத்தப்பட்டது. அவரோடு கருத்தால் ஒத்தவர் நகரில் இல்லாமலில்லை. ஆனால் தனியிடத்தில் தலையசைத்தவர்கள் வெளியிடத்தில் முகந்திருப்பினர். 1957ஆம் ஆண்டு ஜூலையில் அவ்வம்மையார் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அவருக்கு வயது 43. 2005ஆம் ஆண்டில் அந்நகர நூலகத்துக்கு அவர் பெயரைச் சூட்டினர். கல் எறிந்த கை சிலவே. அக்கைகளுக்குத் துணிவு தந்தது, எறியாத பல கைகளின் அமைதியன்றோ?

இன்னொரு வகையினரையும் காண்க. போராட்டம் நீண்டபோது, கறுப்பினப் பணிப்பெண்களைத் தம் மோட்டாரில் ஏற்றி வருவதை நிறுத்துமாறு வெள்ளை இல்லத்தரசிகளுக்கு மேயர் வேண்டுகோள் விடுத்தார். பலர் நிறுத்தவில்லை. நீதி வேண்டும் என்பதற்காகவா? சிலருக்கு அப்படியும் இருக்கலாம். பெரும்பாலோர்க்குச் சமையலும் துவையலும் குழந்தை வளர்ப்பும் நின்றுவிடும் என்னும் கவலையே காரணம். தன்னலமே ஆயினும், அநீதியின் சுவரில் அஃது ஒரு கல்லைப் பெயர்த்தது. அதே வேளையில், கௌரவ மனிதர்கள் கூடிய வெள்ளையர் குடிமக்கள் மன்றம், நிறபேதத்தை எதிர்ப்போர்க்குக் கடனை மறுத்தும் வேலையைப் பறித்தும் அச்சுறுத்தியது. 1956ஆம் ஆண்டு பிப்ரவரியில் அந்நகரில் அவர்கள் கூட்டிய பேரணிக்கு ஏறத்தாழ 10,000 பேர் திரண்டனர். அவர்கள் அனைவரும் அரக்கர்களல்லர். காலையில் கடை திறந்து, மாலையில் பிள்ளைகளோடு உண்டு, ஞாயிறன்று தேவாலயம் செல்பவர்கள்.

யாம் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுப் பஞ்சாலையில் கால் வைத்தோம். முப்பதாண்டுக்கு மேல் பஞ்சுத் தூசியை உண்டோம். நூல்களை யாமே எழுத்துக் கூட்டிப் படித்தபோது, எம்மை நெடுநேரம் நிறுத்திவைத்தவை பஞ்சாலைச் செய்திகளே. 1897ஆம் ஆண்டில் அட்லாண்டா நகரத்துப் பஞ்சாலையொன்றில் ஏறத்தாழ 20 கறுப்பினப் பெண்களை வேலைக்குச் சேர்த்தனர். வெள்ளைத் தொழிலாளர் 1,400 பேர் வேலையை நிறுத்தி வெளியேறினர். கூலி உயர்வுக்கன்று, வேலை நேரம் குறைக்கவுமன்று. அந்தப் பெண்களை வெளியேற்றவே நிறுத்தினர்; வெளியேற்றியும் விட்டனர். தொழிலாளர் ஒற்றுமை என்பது எத்துணை உயர்ந்த சொல்! அதுவே எத்துணை இழிந்த காரியத்துக்கும் கருவியாயிற்று, காண்க.

1915ஆம் ஆண்டில் தென் கரோலினா மாநிலம் பஞ்சாலைகளுக்கென ஒரு சட்டம் இயற்றியது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே அறையில் வேலை செய்யலாகாது. ஒரே வேளையில் ஒரே வாயிலில் நுழையலாகாது. ஒரே படிக்கட்டில் ஏறலாகாது. கூலி வாங்கும் சாளரமும், கழிப்பறையும், குடிநீர் வாளியும், முகந்து குடிக்கும் குவளையும் ஒன்றாயிருத்தல் ஆகாது என்பது அச்சட்டம். குவளை வரையில் எண்ணிச் சட்டம் எழுதினார்கள்! ஆனால் அதே சட்டத்தில் ஒரு விலக்கும் வைத்தனர்: தரை தேய்த்துக் கழுவுவோர்க்கும் கழிப்பறை துப்புரவு செய்வோர்க்கும் அவ்விதி பொருந்தாது. உடன் நின்று நூல் நூற்றால் தீட்டு. காலடியில் குனிந்து தரை தேய்த்தால் தீட்டன்று. இச்சட்டத்தின் உயிர்நிலை எங்கே இருக்கிறதென்பதை அந்த விலக்கே காட்டிக் கொடுத்துவிடுகிறது. அருவருப்பு நிறத்தின்மேல் அன்று, சமமாக நிற்பதன்மேல்.

இதனால் வெள்ளைத் தொழிலாளிக்குக் கிடைத்தது யாது? டு போய்ஸ் 1935ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலில் இதற்கு விடை கூறியுள்ளார். அவ்வெள்ளைத் தொழிலாளி பெற்ற காசுக் கூலி குறைவு. அக்குறைவை ஈடுசெய்ய, ‘நீ கறுப்பனிலும் மேலானவன்’ என்னும் மனக்கூலி அவனுக்குக் கொடுக்கப்பட்டது என்பது அவர் கருத்து. தோழர்களே, கூலி வாங்கிப் பழகிய எமக்கு இக்கணக்கு நன்கு புரிகிறது. முதலாளிக்குச் செலவில்லாத கூலி அது. வாங்குவோன் வயிறும் நிறையாது. ஆயினும் விட மனம் வராது.

நம் நாட்டுப் பஞ்சாலைகளிலும் இம்மனக்கூலி வழங்கிற்று. பம்பாய் ஆலைகளில் நெசவுப் பகுதிக்குக் கூலி மிகுதி. அங்கே நாடாவின் துளை வழியே ஊடை நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தீண்டத்தகாதார் வாய்வைத்த நாடாவில் தாம் வாய்வைப்பதோ என்று பிற சாதித் தொழிலாளர் மறுக்க, நம்மவர்க்கு நெசவுப் பகுதியின் கதவு அடைபட்டது. 1928ஆம் ஆண்டின் பெரிய வேலைநிறுத்தக் காலத்தில், இக்கதவைத் திறக்கும் கோரிக்கையையும் சேர்க்குமாறு தொழிற்சங்கத் தலைவர்களிடம் பாபாசாகேப் வற்புறுத்த வேண்டியிருந்தது. அங்கே குவளை, இங்கே நாடா. பொருள் வேறு, வினை ஒன்றே.

போதகராகிய எமக்கும் இவ்வரலாற்றில் ஒரு கண்ணாடி உண்டு. 1963ஆம் ஆண்டு ஏப்ரலில் பர்மிங்ஹாம் நகரத்து வெள்ளைச் சமயத் தலைவர் எண்மர் ஓர் அறிக்கை வெளியிட்டனர். கறுப்பரின் ஆர்ப்பாட்டங்கள் அறிவுடைமையல்ல, காலத்துக்கு ஏற்றனவுமல்ல என்றனர். அவர்கள் வெறியர்களல்லர், வன்முறையைக் கண்டித்தவர்களே. சிறையிலிருந்த கிங் அவர்களுக்கு விடை எழுதினார். நீதியைவிட அமைதியைப் பெரிதாக மதிக்கும் நடுநிலை வெள்ளையரே, வெறியரினும் பெரிய தடையோ என்று தாம் ஐயுறுவதாகக் குறித்தார். ‘பொறுங்கள், இன்னும் காலம் வரவில்லை’ என்று சொல்வது ஞானம்போல் ஒலிக்கும். யாமும் அதனைச் சொல்லியதுண்டு. ஆதலின் அம்மடல் எம்மைச் சுடுகிறது.

இனி, மனிதர் மாறிய வரலாற்றைக் கூறுவாம். 1960ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் வட கரோலினாவின் கிரீன்ஸ்போரோ நகரில், கறுப்பின மாணவர் நால்வர் ஒரு பெருங்கடையின் உணவுப் பகுதியில் அமர்ந்து காப்பி கேட்டனர். அக்கடையில் கறுப்பர் பொருள் வாங்கலாம்; அமர்ந்து உண்ணலாகாது. அங்கே வேலை செய்த கறுப்பினப் பெண்மணி ஒருவரே அவர்களைக் கடிந்துகொண்டார். அவரைப் பழிக்க வேண்டா. அச்சம் அப்படிப் பேசவைக்கும். முதிய வெள்ளை மாது ஒருத்தியோ அருகில் வந்து, இதனை இத்துணைக் காலம் செய்யாதிருந்தீர்களே என்று வருந்தி ஊக்கியதாக அந்நால்வருள் ஒருவர் பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார். தோலைக் கொண்டு உள்ளத்தை அளக்கலாகாது என்பதற்கு இருபுறமும் சான்று ஒரே நாளில் கிடைத்தது. மாதக்கணக்கில் போராட்டம் நீடித்தது, வாணிபம் விழுந்தது, ஜூலை 25ஆம் நாள் கடைக்காரர் இணங்கினர். அன்று முதன்முதல் அமர்ந்து உண்டவர் யார் தெரியுமோ? அக்கடையிலேயே வேலை பார்த்த கறுப்பினப் பணியாளர்கள். தாம் நாள்தோறும் பரிமாறிய இடத்தில் அன்றுதான் அவர்கள் அமர்ந்தனர்.

1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வந்தது. வேலையில் நிறபேதம் கூடாதென்னும் விதி அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்ததும், தென்னாட்டுப் பஞ்சாலைகளின் நூற்பறைகளில் கறுப்பின ஆடவரும் பெண்டிரும் திரளாக நுழைந்தனர். உடன் நிற்கமாட்டோம் என்றவர்களின் பிள்ளைகள் உடன் நின்றனர். வானம் இடிந்து விழவில்லை. முதலில் உள்ளம் திருந்தி, அதன்பின் நடத்தை திருந்தும் என்று பலர் கருதுகின்றனர். பல வேளைகளில் நடத்தை முதலில் கட்டாயத்தால் மாறுகிறது. உள்ளம் பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது. சீலத்தை முதலிலும், தியானத்தையும் ஞானத்தையும் அதன்பின்னும் பகவான் வைத்ததன் நுட்பம் இதில் விளங்குகிறது.

உள்ளம் எத்துணை மெல்ல நடக்கிறதென்பதற்குக் கணக்கும் உண்டு. வெள்ளையரும் கறுப்பரும் மணம் செய்துகொள்வதை ஏற்கிறீர்களா என்று காலப் நிறுவனத்தார் 1958இல் அமெரிக்கரிடம் கேட்டபோது, ஏற்பதாகக் கூறியோர் நூற்றுக்கு 4 பேர். 2021இல் நூற்றுக்கு 94 பேர். அத்தகைய மணத்தைத் தடுக்கும் சட்டங்கள் செல்லா என்று உச்ச நீதிமன்றம் 1967இல் தீர்ப்பளித்தது. ஆயினும் அலபாமா மாநிலத்தார் தம் அரசியல் சட்டத்திலிருந்து அத்தடையை நீக்க 2000ஆம் ஆண்டு வரை ஆயிற்று. அப்போதும் வாக்களித்தோரில் நூற்றுக்கு 40 பேர் நீக்கத்துக்கு எதிராகவே வாக்களித்தனர். ஒரு தலைமுறைக்குள் உலகம் மாறும் என்று நம்பவும் இடமுண்டு. முழுதும் மாறிவிட்டதென்று உறங்க இடமில்லை.

1957ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள், ஆர்க்கன்சாஸ் மாநிலத்து லிட்டில் ராக் நகரில் எலிசபெத் எக்ஃபோர்டு என்னும் 15 வயதுக் கறுப்பின மாணவி, வெள்ளையர் பள்ளியில் சேரத் தனியாக நடந்து சென்றாள். கூட்டம் சூழ்ந்து கூச்சலிட்டது. அவள் பின்னால் வாயைப் பிளந்து வெறுப்பைக் கக்கும் ஒரு வெள்ளைச் சிறுமியின் முகம் புகைப்படத்தில் பதிந்து உலகெங்கும் பரவியது. ஹேசல் பிரையன் என்பது அவள் பெயர். அவளுக்கும் வயது 15. பின்னர் அப்பள்ளியில் சேர்ந்த கறுப்பின மாணவர் ஒன்பதின்மரை ஒரு சிறு கூட்டமே நாள்தோறும் துன்புறுத்தியது. ஏனையோரில் பெரும்பாலோர் பார்த்தும் பாராதிருந்தனர்.

ஹேசல் சில ஆண்டுகளுக்குள் மனம் வருந்தி, எலிசபெத்தைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டார். 1997இல் இருவரும் நேரில் சந்தித்து நட்புப் பூண்டனர். நாடே மகிழ்ந்தது. ஆனால் அந்நட்பு நிலைக்கவில்லை. தமக்கு நேர்ந்ததன் ஆழத்தை ஹேசல் முழுதும் ஒப்புக்கொள்ளவில்லை என்று எலிசபெத்துக்குத் தோன்றியது. எவ்வளவு செய்தும் போதவில்லையே என்று ஹேசலுக்குத் தோன்றியது. கதை இனிதே முடியவேண்டும் என்று நாம் விரும்புகிறோம். வினை நம் விருப்பத்தைக் கேட்டு நடப்பதில்லை.

மற்றொரு நிகழ்ச்சி. 1961ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், பஞ்சாலைகள் மலிந்த ராக் ஹில் என்னும் தென் கரோலினா நகரின் பேருந்து நிலையத்தில், ஜான் லூயிஸ் என்னும் கறுப்பின இளைஞரை வெள்ளையர் சிலர் இரத்தம் வர அடித்தனர். லூயிஸ் பின்னாளில் அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினரானார். அடித்தவருள் ஒருவராகிய எல்வின் வில்சன், 48 ஆண்டு கழித்து, 2009ஆம் ஆண்டு பிப்ரவரியில் லூயிஸின் அலுவலகத்துக்கே சென்று, “அடித்தவன் நானே” என்று ஒப்புக்கொண்டு மன்னிப்பு வேண்டினார். லூயிஸ் மன்னித்துத் தழுவிக்கொண்டார். ஒரு கிழவர் தம் வாழ்நாளின் கடைசிப் பகுதியில் இச்சுமையை இறக்கிவைத்தார். நாற்பத்தெட்டாண்டு சுமந்தது யார்? அடிபட்டவர் மட்டுமல்லர், அடித்தவரும் சுமந்தார்.

அங்குலிமாலனை நினைமின். உயிர்ப்பழி பல செய்தவன். பகவானைக் கண்டு மாறிப் பிக்குவானான். மாறியபின் அவனுக்கு மாலையிட்டனரோ? சாவத்தி நகரில் பிச்சைக்குச் சென்றபோது கல்லும் தடியும் அவன்மேல் விழுந்தன. தலை உடைந்து, ஓடு உடைந்து, சீவரம் கிழிந்து வந்தவனைப் பார்த்துப் பகவான், “பொறுத்துக்கொள்; உன் வினையின் பயனை இப்பிறப்பிலேயே துய்க்கின்றாய்” என்றருளினார். திருந்துவது நம் கடமை. மன்னிப்பது பட்டவர் உரிமை. திருந்தினோம் என்பதனால் மன்னிப்பு நமக்குக் கடனாக வந்து சேராது.

இவ்வளவும் கூறிய யாம் எம் கதையைக் கூறாது விட்டால், இவ்வுரை பிறரைச் சுட்டும் விரலாகவே நின்றுவிடும்.

யாம் வேலை செய்த ஆலையில் கழிப்பறை துப்புரவு செய்பவர் ஒருவர் இருந்தார். எம்மினும் கீழ் என்று ஊரார் வைத்த வகுப்பினர். தேநீர் வேளையில் எங்களுக்கெல்லாம் கண்ணாடிக் குவளை. எங்கள் தந்தையர் அரும்பாடுபட்டு வாங்கிய உரிமை அது. அவருக்கு மட்டும் சுவருக்கு வெளியே ஓர் ஆணியில் அலுமினியக் குவளை தொங்கும். அவரே எடுப்பார், மேலிருந்து ஊற்றுவார்கள், அவரே கழுவி மாட்டுவார். அந்த ஆணியை யாம் அடிக்கவில்லை. அக்குவளையை யாம் தொங்கவிடவில்லை. பதினோராண்டு அதனைக் கடந்து போய் வந்தோம், அவ்வளவே செய்தோம்.

யாம் திரிசரணம் மேற்கொண்ட செய்தி ஆலையில் பரவிய வாரத்தில், அவர் துடைப்பத்தோடு நின்றபடி எம்மிடம் கேட்டார்: “நீங்க புத்தராயிட்டீங்களாமே அண்ணே. அந்தக் குவளை இன்னும் ஆணியிலதானே இருக்குது?”

அதில் சினமில்லை, ஏளனமுமில்லை. செய்தி கேட்பதுபோலக் கேட்டார். யாம் விடை கூறவில்லை. மூன்று நாள் கூறவில்லை. உடன் வேலை செய்வோர் என்ன சொல்வரோ, எம் குவளையையும் அவர்கள் வெளியே மாட்டிவிடுவரோ என்று அஞ்சினோம். உண்மையைச் சொன்னால், எமக்குக் கீழே ஒருவர் இருக்கிறார் என்னும் அந்த மனக்கூலியை விட மனம் வரவில்லை. நான்காம் நாள் ஆணியினின்று குவளையை எடுத்து, எம் குவளையோடு சேர்த்து வைத்து, அதிலேயே தேநீர் வாங்கிக் குடித்தோம். எடுக்க ஒரு நிமிடமும் ஆகவில்லை. எம்மவரில் இருவர் நெடுநாள் எம்மோடு பேசவில்லை. அவர் அன்றிலிருந்து கண்ணாடிக் குவளையில் குடித்தார். ஆயினும் எம் அருகில் வந்து அமர்ந்ததில்லை. எமக்கு நன்றி சொன்னதுமில்லை. முதலில் யாம் வருந்தினோம். பின்னர் அவர் செய்தது சரியே என்று தெளிந்தோம். பதினோராண்டுக்குப்பின் செலுத்திய கடனுக்கு யார் நன்றி கூறுவர்?

இளைஞரே, உம் வினாவுக்கு எம் விடை இதுவே. நமக்கு இழைக்கப்பட்ட தீங்கு மெய். அதனை எவரும் மறுக்க நாம் விடலாகாது. உரிமைக்கான போராட்டத்தில் ஓர் அடியும் பின்வாங்கலாகாது. ஆனால் பட்டவர் என்பது மட்டும் நம்மைத் தூயவராக்காது. அட்லாண்டாவில் வேலை நிறுத்தியவர்களும் ஏழைகளே. அவர்களும் முதலாளியால் நசுக்கப்பட்டவர்களே. நசுக்கப்பட்ட கை, தனக்குக் கீழே நசுக்க ஒன்று கிடைக்குமா என்று தேடுகிறது. அத்தேட்டத்தை நிறுத்துவதற்கே சீலம். அந்நோய் நமக்கில்லை என்றால் மருந்து வேண்டா. இருக்கிறதென்று யாம் எம்மிடத்தில் கண்டோம்.

அடுத்த உபோசத இரவில், விளக்கேற்றித் திரிசரணம் கூறியபின், ஒவ்வொருவரும் தம்மைத் தாமே வினவுக. நம் வீட்டில், நம் தெருவில், நம் வேலைத்தலத்தில், ஆணியில் தொங்கும் குவளை யாருடையது? அதனை எத்தனை ஆண்டாகக் கடந்து செல்கிறோம்? பெண் கேட்டு வருவோரிடம், புத்தரென்று சொன்ன நாவால் உட்பிரிவை விசாரிக்கிறோமா? நம் மருமகளுக்குத் தனித் தட்டு உண்டா? நம் சங்கத்தின் பந்தியில், துப்புரவுப் பணி செய்யும் உபாசகர் எவ்விடத்தில் அமர்கிறார்? விடை வெட்கத்தைத் தந்தால் அஞ்ச வேண்டா. வெட்கமும் பழிக்கு அஞ்சுதலுமே உலகைக் காக்கும் இரு ஒளிகள் என்பது பகவான் திருவாக்கு.

வினா எழுப்பிய இளைஞர் வரும் பௌர்ணமிக்கும் தவறாது வருக. அன்றைய பந்தியில் அவரையே பரிமாறும் பொறுப்பு ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறோம். வரிசையின் கடைசியில் தயங்கி நிற்பவரை முதலில் அமர்த்துக. நெடுங்காலம் நின்றவர்களாகிய நாம், இருக்கையின் அருமையை அறிவோம்.

அனைத்துயிர்க்கும் நலம் உண்டாகுக.